கர்டர் ஏறும்வரை

சுவர் நின்ற இடத்தில் இப்போது வெளிச்சம் நின்றுகொண்டிருந்தது. வெளிச்சத்தால் ஒரு மச்சைத் தாங்க முடியாது என்பதை அறிய ஒருவன் கொத்தனாராகப் பிறந்திருக்க வேண்டியதில்லை. பேருந்தில் நடத்துநராக நின்று நின்றே கால் வீங்கி ஓய்வுபெற்ற பாளையங்கோட்டை ஆவுடையப்பனுக்கும் அது தெரிந்தே இருந்தது. தெரிந்தும் அவர் பின்முற்றத்தில், கவிழ்த்துப் போட்ட சாந்துச் சட்டியின்மேல் உட்கார்ந்து, கதவு கழற்றிய நிலை வழியாக உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார். மகன் குற்றாலிங்கம் படுத்திருக்கும் அறைக்கும் அதன் பின்னே சாமான் அடைத்து வைக்கும் அரங்குக்கும் நடுவில் இருந்தது அந்தச் சுவர். அதை எடுத்து அறையை அகட்டி, அரங்கைத் தாண்டி ஒரு குளியலறையும் இழுத்துக் கட்டிவிட்டால், மகனுடைய சக்கர நாற்காலி கட்டிலடியிலிருந்து குழாயடிவரை தட்டாமல் முட்டாமல் உருளும் என்று எல்லோரும் சொன்னார்கள். ஆனால் இரண்டு அறைகளின் தேக்குக் கட்டைகளும் அந்த ஒரு சுவரின் தலையில்தான் வந்து கூடியிருந்தன. கட்டைகளின்மேல் செங்கல், செங்கல்லின்மேல் சுண்ணாம்புத் தளம், அதன்மேல் எத்தனையோ மழைக்காலம். ஆகவே சுவரின் இருபுறமும் கட்டைகளுக்குக் கீழே பலகை கொடுத்து, பலகைக்குக் கீழே சவுக்குக் கம்புகளை முட்டாக நிறுத்தி, ஒவ்வொரு கம்பின் அடியிலும் ஆப்பை அடித்து இறுக்கிய பிறகுதான் இசக்கிக் கொத்தனார் விடிந்தும் விடியாததுமாகச் சுவரில் கடப்பாரையை வைத்தார். சுவர் இறங்கிய கையோடு இரும்புக் கர்டரைத் தூக்கி, இரண்டு ஓரத்திலும் எழுப்பியிருக்கும் தூண்களின்மேல் உட்காரவைத்துவிட வேண்டும், அதுதான் முறை. ஆனால் சுவர் இறங்கி முடிந்தபோது வெள்ளிக்கிழமை பத்தரை மணி ஆகிவிட்டது. ராகு காலம் பிறந்துவிட்டது. ராகு காலத்தில் வீட்டுக்கு உத்திரம் ஏற்றத் துணிகிறவன் எந்த ஊரில் இருக்கிறான்? கொத்தனாரும் ஆட்களும் தெருமுனைக்குத் தேநீர் குடிக்கப் போனார்கள். மனைவி கோமதி துர்க்கைக்கு எலுமிச்சம்பழ விளக்கு ஏற்றப் போனாள். கர்டர் தெருவில் வெயிலில் கிடந்தது. மகன் மச்சுக்குக் கீழே, முற்றத்திலிருந்து கண்ணில் படாத மூலையில், கட்டிலில் கிடந்தான். பன்னிரண்டு மணிவரை அந்த மச்சு, சுவரும் இல்லாமல் கர்டரும் இல்லாமல், சில சவுக்குக் கம்புகளின் தயவில் நிற்க வேண்டும்.

கட்டை ஒன்று முனகியது. முனகியது கட்டைதானா, மகனா என்று ஒரு கணம் அவருக்குப் பிடிபடவில்லை. இரண்டும் ஏறக்குறைய ஒரே குரலில் முனகும் வீடாகிவிட்டது அது. “தேக்கு கொஞ்சம் சிணுங்கத்தான் செய்யும் அண்ணாச்சி. இத்தன வருசம் செவரு மேல சாஞ்சு கெடந்தது, இப்பம் வேத்து ஆளு தோள்ல ஏறியிருக்குல்லா” என்று கொத்தனார் சொல்லிவிட்டுப் போயிருந்தார். சிணுங்கட்டும். சிணுங்குகிற பொருள் இன்னும் விழவில்லை என்று பொருள். விழுந்தால்? அந்த இடத்துக்கு வந்ததும் அவர் மனம், கல் இடறிய காலைப்போலத் தன்னை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு வேறு பக்கம் ஓடியது. முற்றத்துக் கொடியில் நேற்றுத் துவைத்த ரப்பர் விரிப்பு காய்ந்துகொண்டிருந்தது. அதை எடுத்து மடிக்க வேண்டும். மத்தியானத்துக்கு அவனுக்குப் பருப்புச் சோறு போதும் என்று கோமதி சொல்லியிருந்தாள். மருந்துக் கடைக்குப் போக வேண்டும். ஒருநாள் சாயங்காலம் மருந்துக் கடையிலிருந்து திரும்பும்போதுதான் அவனோடு படித்த பையன்கள் நான்கு பேரைப் பேருந்து நிறுத்தத்தில் பார்த்தார். விபத்து நடந்த புதிதில் ஆரஞ்சுப் பழமும் ரொட்டியுமாக வந்து கட்டிலைச் சுற்றி நின்று அழுத பையன்கள். அவரைக் கண்டதும் நால்வரும் கைப்பேசியைக் குனிந்து பார்த்தார்கள். அவர்மேல் வெறுப்பில்லை அவர்களுக்கு. என்ன கேட்பது என்று தெரியவில்லை. அவருக்கும் என்ன சொல்வது என்று தெரியாததால், மருந்துப் பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டு கடந்து போனார். சாலை நடுவே தோண்டிப் போட்ட பள்ளத்தில் பைக்கோடு விழுந்தவன் அவன் ஒருவன்தான். ஆனால் அந்தப் பள்ளத்திலிருந்து இன்றுவரை ஏறி வராதவர்கள் மூன்று பேர். மறுபடியும் முனகல். இது கட்டை. விழுந்தால். விழுந்தால் சத்தம் தெருமுனைவரை கேட்கும். தேநீர்க் கடையிலிருந்து ஆட்கள் ஓடி வருவார்கள். தூசி அடங்குவதற்கு நேரம் பிடிக்கும். அந்தத் தூசி அடங்கியபின், பல நாள் கழித்து, வீட்டில் ஒரு அமைதி இருக்கும். ராத்திரியில் அப்பா என்று யாரும் கூப்பிடாத அமைதி. ஆவுடையப்பன் சட்டியிலிருந்து எழுந்தார். எழுந்து எங்கே போவது என்று தெரியாமல் மறுபடியும் உட்கார்ந்தார். அந்த அமைதியை இப்போது நினைத்தது யார்? தம் தலைக்குள் வேறு எவனோ உட்கார்ந்து நினைத்துவிட்டுப் போனதுபோல அக்கம்பக்கம் பார்த்தார். முற்றத்தில் அவரையும் ஒரு காக்கையையும் தவிர ஒருவரும் இல்லை.

இதைப் படிக்கிறவர்கள் அந்த மனிதரை ஏசலாம். ஏசுவது எளிது, நம் வீட்டு மச்சு நம் வீட்டுச் சுவரின்மேல் பத்திரமாக இருக்கிறது. உங்கள் தெருவிலும் ஒருவன் படுத்துக் கிடப்பான். அவன் வீட்டு வாசலைக் கடைசியாக எப்போது மிதித்தீர்கள் என்று நெஞ்சில் கைவைத்து எண்ணிப் பாருங்கள். அதற்குப் பிறகு ஏசுங்கள். ஒரு பாரத்தை ஊரே சேர்ந்து தொட்டால் அது பூவாகும். இரண்டு பேர் தலையில் விட்டுவிட்டு ஊர் விலகிக்கொண்டால், அந்த இருவர் நெஞ்சில் எந்தப் பேய் குடியேறும் என்று யாரால் சொல்ல முடியும்? ஆவுடையப்பன் கெட்ட மனிதர் அல்லர். பேருந்தில் படிக்கட்டில் தொங்கும் பிள்ளைகளைச் சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போட்டவர். வண்டி ஒரு பக்கம் சாய்ந்தால் பாதத்திலேயே அவருக்குத் தெரிந்துவிடும், “அந்தப் பக்கம் நாலு பேரு நகருங்கய்யா, வண்டி என்ன ஒரு கால்லயா ஓடும்?” என்பார். அப்படிப்பட்டவருக்குக் காலையில் தம் வாயிலிருந்து வந்த இரண்டு சொற்கள் எந்தப் பக்கம் சாய்ந்தன என்று தெரியாமல் போனது எப்படி? அதைத்தான் அவர் மனம் முள்ளில் மாட்டிய வேட்டியைப்போல விடுவிக்க விடுவிக்கக் கிழித்துக்கொண்டிருந்தது.

காலையில் நடந்தது இவ்வளவுதான். சுவர் பாதி இறங்கும்போதே நேரத்தைப் பார்த்த இசக்கிக் கொத்தனார், கையைத் தட்டிக்கொண்டு, “ராகு காலம் முட்டிக்கிடும் போலிருக்கே. மீதிச் செவரைப் பன்னெண்டுக்கு மேல இறக்கி, ஒரே மூச்சுல கர்டரையும் ஏத்திருவமா?” என்று கேட்டார். கட்டிலிலிருந்து குற்றாலிங்கம் பதில் சொன்னான். “செவரை இறக்கிருங்க அண்ணாச்சி. இறக்குறதுக்கு நேரம் காலம் உண்டா? ஏத்துறதை மட்டும் ராகு காலம் கழிச்சு வச்சுக்கிடுங்க. இல்லைன்னா அம்மைக்கு மனசு கேக்காது.” கொத்தனார் கடப்பாரையைத் தரையில் ஊன்றிக்கொண்டு சிரித்தார். “தம்பிக்கு எப்பம் இருந்து இந்தப் பக்தி? ராகுவுக்கு நம்ம வீட்டு விலாசம் தெரியுமாம்மான்னு கேட்டு அம்மாவை அழ வச்ச ஆளாச்சே நீங்க!” குற்றாலிங்கமும் சிரித்தான். “மல்லாக்கப் படுத்துக் கெடந்தா கெரகமெல்லாம் நேரா தலைக்கு மேலதான தெரியுது, அண்ணாச்சி.” எல்லோரும் சிரித்தார்கள். கோமதி சிரிக்கவில்லை, அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிள்ளைக்கு நல்ல புத்தி வந்துவிட்டது, துர்க்கை கண்ணைத் திறந்துவிட்டாள் என்று அப்போதே எலுமிச்சம்பழத்தைத் தேடிப் போனாள். அதன் பிறகு கொத்தனார் குரலைத் தாழ்த்தி ஆவுடையப்பனிடம், “அப்படீன்னா தம்பியைப் பக்கத்து வீட்டுக்குத் தூக்கிட்டுப் போயிருவோம். மச்சு முட்டுல நிக்கையில கீழ ஆளு கெடக்கப்பிடாது” என்றார். “நான் எங்கயும் வரல. அங்க போயிக் காட்சிப் பொருளாக் கெடக்கணுமாக்கும்” என்றான் மகன். கொத்தனார் தகப்பனைப் பார்த்தார். தகப்பன் ஒரு வார்த்தை அதட்டியிருந்தால் நான்கு பேர் சேர்ந்து கட்டிலோடு தூக்கியிருப்பார்கள். “அவன் இஷ்டம்” என்றார் ஆவுடையப்பன்.

அவன் இஷ்டம். ஏன் அப்படிச் சொன்னோம்? மகனுடைய மானத்தைக் காப்பாற்ற. ஆம், அதற்காகத்தான். அடுத்த வீட்டுக் கூடத்தில், வருகிறவர் போகிறவர் பார்க்க, மூத்திரப் பையோடு அவன் படுத்திருக்க வேண்டுமா? வேண்டாம். ஆகவே அவன் இஷ்டம். இந்தக் காரணம் நன்றாகத்தான் இருந்தது. இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். மூன்றாம் முறை அது உதட்டோடு நின்றுவிட்டது. அம்மையைக் கோயிலுக்கு அனுப்பியவன் அவன். “கடைக்குப் போயி நிம்மதியா டீ குடிச்சிட்டு வாங்க அண்ணாச்சி, ராகுவை நான் பாத்துக்கிடுதேன்” என்று ஆட்களை அனுப்பியவன் அவன். “நீங்களும் இந்தத் தூசியில இருக்காதீய, வெளிய காத்தாட இருங்கப்பா” என்று தம்மை அனுப்பியவனும் அவன்தான். பஞ்சாங்கத்தைக் கண்டால் கொட்டாவி விடுகிறவன் ஏன் இன்று ஒரு ராகு காலத்தைக் கேட்டு வாங்கினான்? வீட்டில் ஒருவரும் இல்லாமல், தலைக்கு மேலே சுவரில்லாத மச்சு இருக்க, ஒன்றரை மணி நேரம் தனக்கென்று வேண்டும் என்று ஒருவன் கேட்டால், அவன் கேட்பது என்ன?  ஆவுடையப்பன் எழுந்ததும் சட்டி உருண்டு ஓடிச் செங்கல் குவியலில் மோதியது. அந்தச் சத்தத்துக்கு மச்சு இறங்கிவிடுமோ என்று மூச்சை அடக்கி நின்றார். இறங்கவில்லை. உள்ளே போனார்.

முட்டுக் கம்புகளின் நடுவே போவது முன்பின் தெரியாத ஒரு தோப்புக்குள் நுழைவதுபோல இருந்தது. சுண்ணாம்பின் பழைய நெடி. எங்கோ ஒரு கட்டை இடுக்கிலிருந்து மணல் நூலாக இறங்கிக்கொண்டிருந்தது. பக்கச் சுவரோரம் தள்ளிப் போட்டிருந்த கட்டிலில் குற்றாலிங்கம் மல்லாந்து படுத்து, கண்ணை மூடாமல், மேலே பார்த்திருந்தான். “ஏன் உள்ள வாரீய? வெளிய போங்கப்பா” என்றான். கட்டிலை ஒட்டி ஓரமாக நின்ற கம்பின் அடியைப் பார்த்தார் ஆவுடையப்பன். மற்றக் கம்புகளின் அடியிலெல்லாம் ஆப்பு இருந்தது. இதன் அடியில் இல்லை. கம்பு சற்றே சாய்ந்து, பலகையைத் தொட்டும் தொடாமலும் நின்றது. மகனுடைய கை மார்பின்மேல் மூடியிருந்தது. “கையில என்னல?” “ஆப்பு.” அவன் மறைக்கவில்லை, விரலைத் திறந்து காட்டினான். “கைக்கு எட்டுன தூரத்துல இது ஒண்ணுதாம்ப்பா இருந்துச்சு. கட்டில் விளிம்பைப் பிடிச்சுத் தொங்கி, பிடிச்சு ஆட்டுனேன். ஒடனே வந்துட்டு. ஆடுத பால்பல்லு மாதிரி வந்துட்டு. நான் கண்ணை மூடிக்கிட்டேன்.” பிறகு சிரித்தான். சிரிப்பு மார்புவரைதான் வந்தது. அதற்குக் கீழே அவன் உடலில் எதுவும் சிரிக்கவில்லை. “மச்சு அசையவே இல்லப்பா. சும்மா நின்ன கம்பு போல. எதையும் தாங்காம சும்மா நின்னிருக்கு. நமக்குன்னு வாய்க்கிறதைப் பாத்தீயளா?”

ஒரு ஊரில் சாமி சப்பரம் தூக்குகிற ஆட்களில் ஒருவன் குள்ளமாக இருந்தானாம். மற்றவர்கள் தோளில் தண்டு அழுந்தும். அவன் தோளுக்கும் தண்டுக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி எப்போதும் இருக்கும். நான்கு வீதியும் அவன் தண்டைக் கையால் தொட்டபடியே நடந்தான், மற்றவர்களோடு வியர்த்தான், மற்றவர்களோடு மூச்சிரைத்தான். கோயில் வாசலில் சப்பரத்தை இறக்கியபோது எல்லோரும் தோளைத் தடவிக்கொண்டார்கள். அவனும் தடவினான், காய்ப்பு இல்லை. அவன் அன்றிரவே ஊரைவிட்டுப் போய்விட்டான் என்பார்கள். ஐயா, தாங்குவது துன்பம் என்று நமக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். பாரத்தின் கீழேயே நின்று எதையும் தாங்காமல் இருப்பது அதைவிடப் பெருந்துன்பம் என்று யாரும் சொல்லித் தரவில்லை. தாங்க மாட்டாதவனையும் நம் வரிசையில் நிறுத்தி, நீயும்தான் சுமந்தாய் என்று ஒரு சொல் சொல்லுங்கள். அந்தச் சொல் பொய்யாகவே இருந்தாலும், அதற்குக் கடவுள் கணக்குப் பார்க்க மாட்டார்.

ஆவுடையப்பன் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. அவர் வாயில் வேறு சொல் வந்து நின்றது, அதைத் தள்ளிக்கொண்டு எதுவும் வெளியே வர முடியவில்லை. கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தார். “காலம்பற ‘அவன் இஷ்டம்’னு சொன்னேம்லா.” “ஆமா.” “அது ஒன் இஷ்டம் இல்லல. என் இஷ்டம்.” சொன்ன பிறகு தம் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை நாள் இந்தக் கைதான் அவனைக் கழுவியது, துடைத்தது, ஊட்டியது.   “தெரியும்ப்பா” என்றான் மகன். “எப்பம் தெரியும்?” “நீங்க சொல்லையிலயே. கொத்தனார் மொகத்தைப் பாக்காம, இடிச்ச செவரைப் பாத்துட்டுல்லா சொன்னீய.” ஆப்பைக் கைக்குள் மறுபடி மூடிக்கொண்டு, “அதாம் எனக்கும் தைரியமா இருந்துச்சு” என்றான். அந்தக் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் தகப்பன் அதைப் பிடித்துக்கொண்டு அழுதிருப்பார், மன்னிப்புக் கேட்டிருப்பார், ஒரு வழி கிடைத்திருக்கும். ஒரே வேலையை ஒரே நேரத்தில், பேசி வைக்காமலே, இரண்டு பேராகச் செய்தவர்கள் சந்தித்துக்கொண்டதுபோல அவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அவன் பிறந்த நாளிலிருந்து அவர்கள் இவ்வளவு நெருங்கியதே இல்லை. அந்த நெருக்கம் சுடுகாட்டுப் புகையைப்போல அவர் தொண்டையில் கரித்தது.

“எந்திரிங்க. வெளிய போங்கப்பா” என்றான் மகன். “போக மாட்டேன்.” “மேல சத்தம் கேக்கு.” “கேக்கட்டும்.” “ரெண்டு பேரும் போயிட்டா அம்மை என்ன செய்வா?” அதைக் கேட்டதும் இருவரும் ஒருசேர நிலைவாசல் பக்கம் பார்த்தார்கள், கோமதி அதற்குள் வந்து நின்றுவிட்டதுபோல. ஒருவரும் வரவில்லை. அவள் அங்கே துர்க்கை முன்னால், பிள்ளைக்கு நல்ல புத்தி வந்த மகிழ்ச்சியில், பிழிந்த எலுமிச்சம்பழத் தோலை மறுபுறம் புரட்டி எண்ணெய் ஊற்றிக்கொண்டிருப்பாள். “அதைக் குடு” என்று கையை நீட்டினார் ஆவுடையப்பன். குற்றாலிங்கம் ஆப்பைக் கொடுக்க நேரமெடுத்தான். அதன் கூர்மையான முனையைக் கட்டை விரலால் ஒருமுறை தடவினான். பிறகு கொடுத்தான். அவர் தரையில் குந்தி, கம்பை நிமிர்த்தி, ஆப்பை அதன் அடியில் செருகி, உடைந்த செங்கல் ஒன்றை எடுத்து அடித்தார். ஒவ்வோர் அடிக்கும் மேலேயிருந்து தூசி உதிர்ந்து இருவர் தலையிலும் விழுந்தது. எவ்வளவு இறுக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியாது. கை ஓயும்வரை அடித்தார். அது இப்போதாவது எதையாவது தாங்குகிறதா, முன்போலச் சும்மா நிற்கிறதா என்பதும் தெரியவில்லை. செங்கல்லைப் போட்டுவிட்டு மறுபடியும் கட்டிலில் வந்து உட்கார்ந்துகொண்டார். பேச வேண்டியதெல்லாம் பேசி முடித்த இரண்டு பேர் ராகு காலம் முடியும்வரை அந்த மச்சுக்குக் கீழே இருந்தார்கள். ஒவ்வொரு முனகலுக்கும் தகப்பனுக்கு நெஞ்சு துள்ளியது. துள்ளியது பயத்திலா, ஆசையிலா என்று அவர் இனித் தம்மைக் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டால் பதில் வரும் என்று தெரிந்துவிட்டது.

பன்னிரண்டு மணிக்கு எல்லோரும் வந்தார்கள். கோமதி குங்குமத்தை மகன் நெற்றியில் வைத்தாள், தூண்களில் வைத்தாள், தெருவில் கிடந்த கர்டருக்கும் வைத்தாள். “இவரு ஏன் உள்ள இருக்காரு? தலையெல்லாம் தூசி!” என்று புருஷனைக் கடிந்துகொண்டு முந்தானையால் தட்டிவிட்டாள். ஆட்கள் ஏலேலோ என்று குரல் கொடுத்துக் கர்டரைத் தூக்கிச் சாரத்தில் ஏற்றினார்கள். இரும்பு தேக்கை முட்டியது. இடுக்கில் கல்லும் கலவையும் இரும்புத் தகடும் அடித்துச் செருகினார்கள். தூண் இறுகும்வரை முட்டுகள் சில நாள் நிற்கட்டும் என்று கொத்தனார் சொன்னார். ஆனாலும் பாரம் கர்டரில் ஏறிவிட்டதா என்று பார்க்க நடு முட்டுகளின் ஆப்பைக் கொஞ்சம் தளர்த்தினார். மச்சு ஒரு மயிரிழை இறங்கி, பெருமூச்சுப்போல ஓர் ஒலி எழுப்பி, கர்டரின்மேல் உட்கார்ந்துகொண்டது. ஆட்கள் கை தட்டினார்கள். இசக்கிக் கொத்தனார் வியர்வையைத் துண்டால் துடைத்துக்கொண்டு கட்டிலருகே வந்தார். “அம்புட்டுத்தான் தம்பி. இனி மேல யானையைக் கட்டுனாலும் அசையாது. ஒங்க காலத்துக்கும் இது விழாது. பயமில்லாம படுத்துக் கெடங்க!” “சரி அண்ணாச்சி” என்றான் குற்றாலிங்கம். கோமதி கர்டரை நோக்கிக் கும்பிட்டாள்.

ஆட்கள் சாப்பாட்டுக்குப் போனதும் கோமதி அடுப்படிக்குப் போனாள். புதிதாக அகன்ற அறையில் பேச்சுக்குரல் எதிரொலித்தது. “அப்பா.” “என்னல?” “முதுகு எரியுது. ஒருச்சாச்சுத் திருப்பிப் போடுங்க.” ஆவுடையப்பன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்தார். ஒரு கையைத் தோளுக்குக் கீழே கொடுத்தார். மறு கையை இடுப்புக்குக் கீழே கொடுத்தார். மகன் அவர் கழுத்தைச் சுற்றிக் கையைப் போட்டுக்கொண்டான். அவர் மூச்சைப் பிடித்துத் தூக்கினார். அவன் கனமாக இருந்தான்.